உள்ளே நிற்கிற நாலு பேர்

சேசு மரி சூசை

ரூவி, மஸ்கட்
5.2.2004, வியாழன் சாயங்காலம்

அன்பு மகன் பர்னபாசுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் லீமாவும் மாப்பிள்ளையும் பேத்தி அக்ஸாவும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம், என் வலது முழங்காலைத் தவிர. அது இன்றைக்கு ஏறி இறங்கிய படிகளுக்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது. நீ சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்க மாட்டேன், இரண்டும் செய்திருக்க மாட்டாய். மத்தியானமே பையன்கள் யாராவது போன் பண்ணி ஒன்றுக்குப் பூஜ்யம், தோற்றுவிட்டோம் என்று சொல்லியிருப்பார்கள். நீயும் வேலை போயிற்று என்று பெட்டியை எடுத்துத் துணியை அடுக்க ஆரம்பித்திருப்பாய். கொஞ்சம் நிறுத்து. நான் கண்ணால் பார்த்ததைக் கேட்டுவிட்டு அடுக்குவதா வேண்டாமா என்று முடிவு செய். போனில் சொல்லலாம் என்றால் கார்டு பாதியில் தீர்ந்துவிடும், போதாததற்கு எனக்குச் சிரிப்பாணி வேறு வருகிறது, ஒரு வார்த்தை முழுசாக வெளியே வராது. உங்கள் காலேஜ் பஸ் நாளைக் காலையில் துபாய்க்குத் திரும்பக் கிளம்புகிறது, டிரைவர் கௌஸ் முகைதீன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் உன்மேல் இருக்கிற கோபத்தைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்துக்கொண்டு மீதியை எழுத வராது. உன்னைப் பார்த்து மூன்று வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. காலேஜ் பேஸ்பால் டீம் மஸ்கட்டுக்கு ஆட வருகிறது, நானும் கூட வருவேன் அம்மா என்று நீ சொன்ன நாளிலிருந்து நல்ல நெய்மீன் வேண்டும் என்று நான் கடை கடையாக ஏறினேன். கிளம்புகிற அன்றைக்குப் போன் பண்ணி, பாஸ்போர்ட் விசா அடிக்கப் போயிருக்கிறது, வர முடியாது என்றாய். பாவம் பிள்ளை என்று நம்பினேன். பாஸ்போர்ட் உன் அலமாரியில்தான் இருந்திருக்கிறது. உன்னை வரக்கூடாது என்று காலேஜே நிறுத்தி வைத்திருக்கிறது. பெற்ற தாயிடம் சொன்ன பொய், தேதியோடு ஞாபகம் வைத்திருப்பேன், பிப்ரவரி மூன்று. இது தெரியாமல், நீ வராவிட்டால் நீ பழக்கிய பையன்களையாவது பார்ப்போம் என்று, வறுத்த மீனையும் மரச்சீனிக் கிழங்கையும் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்த லீமாவைப் படுக்கவிடாமல் இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்துப் போனேன். அவள் அந்த மைதானத்து இரும்புப் படியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் வாயைத் திறந்து தூங்கிவிட்டாள்.

எங்களுக்கு முன் படியில் ஒருவர், கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, மொபைலில் தமிழில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தச் செருப்பு கோச் வரலைப்பா, நான்தான் லெட்டர் குடுத்து நிறுத்தினேன், என் பையன் கையில செருப்ப மாட்டிவிட்டிருக்கான் அந்த ஆளு, இன்னிக்கு மேட்ச் முடிஞ்சதும் பெரிய கோச் முடிவு சொல்றார், அனேகமா இந்த மாசத்தோட ஊருக்கு அனுப்பிடுவாங்க என்றார். யாரோ எவரோ என்று இருந்தேன். பர்னபாஸ்னு ஒருத்தன், நாகர்கோவில் பக்கம், புல்லுக்குத் தண்ணி விட வந்தவன் என்றாரே பார்க்கலாம். என் காதில் ஈயம் ஊற்றினாற்போல ஆகிவிட்டது. ஒரு விரலால் அவர் தோளைத் தட்டினேன். ஐயா, அந்தப் புல்லுக்குத் தண்ணி விட வந்தவன் எனக்க மவன், நான் அவனுக்க அம்மை, சொல்லுதத எனக்க மொகத்தப் பாத்துச் சொல்லும் என்றேன். மனுஷன் கண்ணாடியைக் கழற்றினார். பெயர் ஸ்ரீனிவாசனாம், துபாயில் ஒரு கம்பெனி மேனேஜராம், மகன் விஜயபாஸ்கர் ஆடுவதைப் பார்க்கக் காரிலேயே வந்திருக்கிறார். உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்களே சொல்லுங்க, படிக்கிற பிள்ளை கையில செருப்பக் குடுக்கலாமா என்றார். மாதாவாணை, எனக்கும் அதே கேள்விதான் வந்தது. ஏலே, செருப்பா? உனக்கு வேறு ஒரு பலகை, தட்டு, ஒன்றும் கிடைக்கவில்லையா? இருந்தாலும் வெளியாள் முன்னால் விட்டுக்கொடுப்பேனா. காரணம் இல்லாம செய்ய மாட்டான், ஏழு வருஷமா அந்தக் காலேஜில நிக்கான், வெயிலில வெள்ளைக் கோடு போட்டான், பந்து பொறுக்கினான், அடிச்சுக் குடுக்க ஆளில்லன்னு மட்டைய எடுத்தான், இண்ணைக்கு கோச்சுன்னு கார்டு வச்சிருக்கான் என்றேன். அசிஸ்டென்ட் கோச் என்று அவர் திருத்தினார். அந்த அசிஸ்டென்டையும் சேர்த்து மனசில் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பையன்கள் கையைக் காலை உதறி உடம்பைச் சூடாக்க இறங்கினார்கள். மூலைகளை ஒட்டி உள்ளே நிற்கிற உன் நாலு பேரும் பையைத் திறந்து ஆளுக்கொரு ரப்பர் செருப்பை எடுத்தார்கள்! வாருக்குள் விரலை நுழைத்து உள்ளங்கையில் பட்டையாகப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். பெரிய கோச், அந்த வெள்ளைக்காரர், ஒரு நிமிஷம் மட்டையைக் கீழே ஊன்றிக்கொண்டு பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்துத் தரையோடு தரையாகப் பந்தை அடித்தார். மஸ்கட் டீம் பக்கம் ஒரே சிரிப்பு, ஒருவன் தன் ஷூவைக் கழற்றிக் காட்டினான். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, நீயும் அங்கே இல்லை. நாலாவது செருப்பு விஜயபாஸ்கர் கையில் இருந்தது, அவன் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், பத்துப் பதினைந்து பந்து போனதும் எனக்கு விளங்கிவிட்டது. கையுறையில் குழி இருக்கிறது, பந்து வந்து தானே உட்கார்ந்துகொள்ளும், கை சோம்பலாகிவிடும். செருப்பில் குழி இல்லை. வெடுக்கென்று நீட்டினால் தெறித்துப் போகும், கூடவே பின்னால் இழுத்துக் கோழிமுட்டையை வாங்குகிறமாதிரி வாங்கி மற்ற கையால் மூடினால்தான் நிற்கும். இதை ஸ்ரீனிவாசனுக்கு எடுத்துச் சொன்னேன். யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது என்றார். கண்ணு இருக்கே என்றேன்.

இனி நீ கேட்க ஆசைப்படுகிறதைச் சொல்கிறேன். ஒன்பது சுற்றில் உன் நாலு பேரிடம் தரையில் வந்த பந்து பதினேழு. மூன்றாம் மூலையில் நிற்கிற எகிப்துப் பையனுக்கு ஆறு, அவனுக்கும் இரண்டாம் மூலைக்கும் நடுவில் நிற்கிற பிலிப்பினோவுக்கு ஐந்து, விஜயபாஸ்கருக்கு நாலு, ஒன்றாம் மூலை நெட்டை லெபனானுக்கு இரண்டு. அடித்தவன் ஓடி ஒன்றாம் மூலையைத் தொடுவதற்குள் பந்து அங்கே போய்ச் சேர வேண்டும், பதினேழும் போய்ச் சேர்ந்தது. எகிப்துப் பையன் இரண்டாவது பந்தில் அவசரப்பட்டான், வீசுவதற்கு முன்னால் காலை வைக்கவில்லை, லெபனான் எம்பிப் பிடித்துக் காப்பாற்றினான், அவனிடம் சொல்லு. பிலிப்பினோவுக்கு ஒரு குறையும் இல்லை, அந்தப் பிள்ளை பந்து வருவதற்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறது. ஏழாவது சுற்றில் மஸ்கட்காரர்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நிற்கிறார்கள், இவர்களை விட்டால் தீர்ந்தது, பந்து விஜயபாஸ்கரைப் பார்த்து வருகிறது, நடுவில் ஏதோ கல்லில் பட்டு நெஞ்சுக்கு எகிறிற்று. நான் கண்ணை மூடப் போனேன். அவன் கை பந்தோடு கூடவே பின்னால் போனது, மூடினான், பிலிப்பினோவுக்குத் தள்ளினான், அவன் மூலையை மிதித்து லெபனானுக்கு எறிந்தான், ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்! ஸ்ரீனிவாசன் எழுந்து குதித்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார், யாருடைய கை என்று ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டார். லீமா திடுக்கிட்டு எழுந்து எந்த பெட்டுக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

தோற்றது உன் பிள்ளைகளால் இல்லை. எட்டாவது சுற்றில் ஒரு தடியன் அடித்த பந்து வேலியைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது, ரோட்டில் யார் நின்று பிடிப்பது. முடிந்ததும் போர்டைப் பார்த்தேன், நம் வரிசையில் பூஜ்யம், நாலு, பூஜ்யம். இரண்டு பூஜ்யத்தைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்ட பிள்ளைகளுக்கு இரண்டு முட்டையா என்று எழுந்து கத்தினேன். ஸ்ரீனிவாசன்தான் உட்கார வைத்தார். முதல் பூஜ்யம்தாம்மா நாம எடுத்த ரன், நாலு நாம அடிச்ச நல்ல அடி, கடைசி பூஜ்யம் நம்ம தப்பு, ஒரு தப்பும் பண்ணலைன்னு அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஷூவைக் காட்டிச் சிரித்தார்களே, அவர்களுக்கு அந்த இடத்தில் மூன்று.

பெரிய கோச் படியேறி எங்களிடமே வந்தார். அவர் பேசியதை லீமா தமிழில் சொன்னாள். இந்த டீமை வைத்துக்கொண்டு தப்பில்லாமல் ஒரு மேட்ச் முடித்தது இதுதான் முதல் தடவை, எனக்குப் பர்னபாஸ் வேண்டும், ஆனால் ஒரு அப்பா கொடுத்த புகார் ஆபீசில் இருக்கிறவரைக்கும் அவர்கள் அவனுடைய இரண்டு வருஷக் கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார். நான் ஸ்ரீனிவாசனைப் பார்த்தேன். யோசிச்சு மெயில் அனுப்பறேன் என்றார். யோசிச்சது போதும், எழுதும் என்றேன். அதற்குள் விஜயபாஸ்கர் வியர்வையோடு வந்து, அப்பா, கோச் எனக்குச் செருப்பே குடுக்கல, அவர் தன்னோட கையில மாட்டித்தான் பிடிச்சுக் காட்டினார், நான்தான் என் செருப்பக் கழட்டி மாட்டினேன், நீங்க எங்க கேட்டீங்க என்றான். அப்பா ஏன்டா அவர் சொல்லலை என்று கேட்க, அவர் எங்க யாரையும் மாட்டிவிட மாட்டார், சாரின்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டார் என்றான் பையன்.

ஸ்ரீனிவாசன் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். லீமாவைப் படிக்கச் சொன்னேன், சிறு புரிதல் கோளாறு என்று இங்கிலீஷில் எழுதியிருந்தாராம். கோளாறு ஒண்ணும் இல்ல, விசாரிக்காம எழுதினது எனக்க தப்புன்னு எழுதும் என்றேன். அம்மா, நீங்க எங்க ஆடிட்டரைவிட மோசம் என்று சொல்லிக்கொண்டே அடித்து மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதம் இந்தக் கவருக்குள்தான் இருக்கிறது, மடிப்புப் பிரிக்காமல் கொண்டுபோ. மீனை உன் நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்தேன். சைவக்கார அப்பா அந்தப் பக்கம் திரும்பியபோது விஜயபாஸ்கர் இரண்டு துண்டு தின்றான், நான் பார்க்கவில்லை.

ஸ்ரீனிவாசனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. ஊரில் நீ படிக்கையில் காலேஜ் டீமில் உன்னை எடுக்காமல் தன் தங்கச்சி மகனை எடுத்தாரே பி.டி. மாஸ்டர், அவர் செத்தே போய்விட்டார், அவரையே இன்னும் விடவில்லை. இவர் இன்றைக்கு வந்தவர்தானே, வரிசையில் நிற்கட்டும். அக்ஸா உன்னைச் செருப்பு மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள், ஒரு அடி கொடுத்தேன், நிறுத்தவில்லை. இரண்டு வருஷக் கான்ட்ராக்ட் என்றால் நான் இனிப் பெண் பார்ப்பேன், வேண்டாம் என்று நீ சொல்ல இனிக் காரணம் கிடையாது. வெயிலில் தொப்பி போடு, தயிர் சாப்பிடு.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஆபீசுக்கு வரச் சொன்னார் பெரிய கோச், அவரும் அங்கே இருப்பாராம். வெள்ளைச் சட்டை போடு. கான்ட்ராக்டை நீட்டினதும் சந்தோஷத்தில் பேனாவை எடுத்துவிடாதே. செய்யாத குற்றத்துக்கு நீ எழுதிக் கொடுத்த சாரிக் காகிதம் அவர்கள் பைலில் இருக்கிறது. ஸ்ரீனிவாசன் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, என் காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேள். இனிமேலும் அப்படித்தான் பழக்குவாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல். மரியாதையாகக் கேள், ஆனால் கேள். அது உன் கைக்கு வந்த பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போடு.

மாதாவும் சகல புனிதர்களும் உன்னோடு இருக்கட்டும், உன் நாலு பேரோடும் இருக்கட்டும். நெற்றியில் சிலுவை போட்டு முத்தம்.

உன் அம்மா
சவேரியம்மாள்