ஊரை ஓட்டுப் போட வைத்த குற்றம்

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், அவருடைய முட்டிவலியும் வழக்கம்போல நலமாகவே இருக்கிறது. ஜெர்மனியில் குளிர் விட்டதா, அனுப்பிய பெர்சிமன் பழ வற்றல் வந்து சேர்ந்ததா? விருந்தாளி வருவார் என்று எடுத்து வைக்காமல் நீயே சாப்பிடு. அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது, தேர்தலில் நிற்கிறாள் என்று உன் சித்தி போனில் சொன்னாளாமே. நின்றது உண்மைதான். கிறுக்கா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

நம் சலூனுக்கு அடுத்த வீட்டு யசுயோ அக்கா வாரத்தில் மூன்று நாள் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர் என்பது உனக்குத் தெரியும். போன இலையுதிர் காலத்தில் அவர் போய்வந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள், ஊர் மன்றத்தில் பத்துப் பேரும் ஒருசேரக் கை தூக்கினார்களாம். என்னய்யா இது என்று மன்றத் தலைவர் குராமோச்சியிடம் கேட்டேன். "எங்க கையில என்னம்மா இருக்கு, எல்லாம் மாகாணத்துல முடிவு பண்றது" என்றார். மாகாணத்து ஆள் டோக்கியோ என்றார். டோக்கியோவில் இருக்கிற நம் தொகுதி எம்.பி.யின் ஆபீசுக்குப் போன் போட்டால், ஒரு பெண் தேன் ஒழுகும் குரலில், உள்ளூர் மக்களின் விருப்பத்தை எங்கள் ஐயா எப்போதும் மதிக்கிறார் என்றாள். உள்ளூர் மக்கள் யாரம்மா என்றேன், உங்கள் ஊர் மன்றம்தான் என்றாள். எதிர்க்கட்சிக்காரர் மட்டும் கொள்கை அளவில் பஸ்ஸை நிறுத்துவதை எதிர்ப்பதாகச் சொன்னார். நீங்களும் கை தூக்கினீர்களே என்றதற்கு, அது நடைமுறை அளவில் என்றார். அதற்குள் யசுயோ அக்கா, ஊரார் காரில் இடம் கேட்டுக் கேட்டுக் கூசிப்போய், வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன் என்று சட்டி பானையைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

நம் ஊரில் மன்றத்துக்கு ஓட்டுப் போட்டே பன்னிரண்டு வருஷமாகிறது. இடம் பத்து, நிற்பவரும் பத்துப் பேர். யார் யார் என்பதைப் பெரிய கட்சியின் கிளை ஆபீசில் சாக்கே மது குடித்தபடி பேசி முடித்து, எதிர்க்கட்சிக்கும் ஒரு நாற்காலியைத் தள்ளிவிடுவார்கள். இந்த வசந்தத்தில் பதினோராவது ஆளாக நான் பேர் கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் குராமோச்சி ஒரு முலாம்பழத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்தார். "ஊர் ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குல்ல. பன்னெண்டு வருஷமா ஒரு சண்டை சச்சரவு உண்டா?" என்று குழைந்தார். சுடுகாட்டிலும் சண்டை கிடையாது என்று சொல்லிப் பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பாவுக்குத்தான் முகம் செத்துவிட்டது, கிழவர்களின் கேட்பால் பந்தாட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தோஃபு கடைக்காரி, "உன்னால ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் கிளம்பிப் போயி ஓட்டுப் போடணுமாம். சும்மா இருக்க முடியாதாடி உன்னால?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தாள்.

அந்த வாரம் நீ இங்கே இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகத் தெருவில் தென்படாத மன்றத்து மனிதர்கள் எல்லாம் நாற்று வயலுக்குள் பூட்ஸோடு இறங்கிக் குனிந்து குனிந்து கும்பிட்டார்கள். நான் சைக்கிளில் போய் பஸ், பஸ் என்று அந்த ஒரே பாட்டைத்தான் பாடினேன். இரண்டாம் நாள் ஒருவர் பஸ்ஸைத் திரும்ப விடுவேன் என்றார், மறுநாள் பத்துப் பேரும் சொன்னார்கள். ஒருவர் பஸ்ஸில் மெத்தை இருக்கை என்றார், இன்னொருவர் வாசலுக்கே வரும் என்றார். நிறுத்தியது யார் என்று கேட்கத்தான் ஆளில்லை. எதிர்க்கட்சிக்காரர் வந்து, எங்கள் கட்சி உங்களை ஆதரிக்கும், ஆனால் பஸ் சின்ன விஷயம், எங்கள் பொருளாதாரத் திட்டத்தைப் பேசுங்கள் என்றார். திட்டத்தில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா என்று கேட்டு அனுப்பினேன். கடைசி நாள் எம்.பி.யும் வந்தார். தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து இவருக்கு என்று நம் தொகுதி கைமாறி வந்திருக்கிறதல்லவா, அந்த உரிமையில் வேன் மேல் ஏறி வெள்ளைக் கையுறையை ஆட்டி, பக்கத்து ஊரின் பேரைச் சொல்லி நமக்கு நன்றி சொன்னார். நம் ஜனங்கள் கை தட்டினார்கள்.

முடிவைக் கேள். நான் தோற்றேன். எவ்வளவில் என்றால், அரை ஓட்டுக்கும் குறைவில். சிரிக்காதே. எனக்கு முன்னால் பத்தாவதாக வந்தவர் கனமோரி தாய்சோ, மன்றத்தில் தூங்குவதில் பேர் வாங்கியவர். அவரும் கனமோரி, நானும் கனமோரி. சீட்டில் கையால் பேர் எழுதும்போது வெறும் கனமோரி என்று எழுதியிருந்தால் அந்த ஓட்டை எங்கள் இருவருக்கும் அவரவர் வாங்கிய ஓட்டு விகிதத்தில் பங்கு போட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தால் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். "நீங்க என்ன எழுதினீங்க?" என்றேன். "கனமோரின்னுதான் எழுதினேன். ஃபுமின்னு உன் பேரை இத்தனை வருஷத்துல நான் எங்க எழுதியிருக்கேன், கை கூசிடுச்சு" என்றார். கட்டின புருஷனின் ஓட்டில் பாதி தாய்சோவுக்குப் போயிருக்கிறது. அவர் எனக்கு எதிராகவே போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஒரு வாரம் அவருக்குச் சோறும் ஊறுகாய் முள்ளங்கியும்தான்.

ஆனால் பஸ் வந்துவிட்டது சிஹாரு. சொன்ன வாக்கு ஊரெல்லாம் காதில் விழுந்துவிட்டதே, விழுங்க முடியவில்லை. முதல் ஓட்டத்துக்கு ரிப்பன் வெட்டி, பத்துப் பேரும் தாங்கள்தான் கொண்டுவந்ததாகப் பேசினார்கள். செவ்வாயும் வியாழனும் வருகிறது. யசுயோ அக்காவுக்கு சனிக்கிழமையும் போக வேண்டும் என்பது யாருக்கும் நினைவில்லை, ரத்தம் மூன்றில் இரண்டு பங்கு சுத்தமானால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனாலும் அக்கா கட்டிய சட்டி பானையை அவிழ்த்துவிட்டார்.

போன வாரம் குராமோச்சி முகச்சவரத்துக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்து, சோப்பு நுரைக்குள்ளிருந்து, "அடுத்த தடவையும் நிக்கப் போறீங்களாம்மா? தோஃபு கடைக்காரியும் நிக்கிறான்னு பேசிக்கிறாங்க" என்றார். கத்தி அவர் தொண்டையில் இருந்தது. பேசாதீர்கள், வெட்டிவிடும் என்று மட்டும் சொன்னேன். நேற்று மன்றத்தில் சனிக்கிழமை பஸ்ஸுக்கும் பத்துக் கைகள் தூக்கியாகிவிட்டது.

நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இரு, இரவில் கண்விழித்து வேலை செய்யாதே, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். பாராளுமன்றத் தேர்தல் வருகிறதாம், மறக்காமல் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போடு. யாருக்கு என்று மட்டும் முன்கூட்டி ஒருவரிடமும் சொல்லிவிடாதே. கொஞ்ச நாளாவது அவர்கள் பயந்து கிடக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
கனமோரி ஃபுமி