உன் வெள்ளை அங்கி

கண்ணு,

மாத்திரையை அப்பா வேளைக்குத் தருகிறாரா? கால் வீக்கம் வடிந்ததா என்று நீயே எழுது. அவரிடம் எதைக் கேட்டாலும் "பரவாயில்ல" என்றுதான் பதில் வரும்.

இந்த நாட்டுக் குளிர் தாங்கவில்லை. நம் குழுவின் வயலின்காரர்கள் ஹீட்டரில் விரல்களைக் காட்டிவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். உனக்குப் பதிலாக ஆட வந்த பெண் உன் வெள்ளை அங்கியைத்தான் போட்டுக்கொள்கிறாள். இடுப்பில் தளர்வு, நான்தான் ஊக்கு குத்திவிடுகிறேன். நல்ல பெண். உன் ஆட்டம் அவளுக்கு வராது.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் குழுத் தலைவர் இன்னும் உன் சாட்சியைத்தான் சொல்கிறார். "நடக்கவே மாட்டான்னு டாக்டருங்க கைவிட்ட பொண்ணு, இதோ ஆட வர்றா" என்று கை நீட்டுவார். அவள் ஓடி வருவாள். பாடுகிற நாங்கள் ஸ்தோத்திரப் பாட்டை எடுப்போம். கூட்டம் அழும்.

"இது வேணாமே" என்று சொல்லிப் பார்த்தேன். "விசுவாசத்துல முன்கூட்டியே சொல்றேன், சிஸ்டர். அவ நடக்கத்தான் போறா" என்றார்.

நேற்று நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் தன் மகளைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தார். உன் வயதுதான் இருக்கும். கால்கள் துவண்டு தொங்கின. உன் அங்கியில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து மகளின் கால்மேல் வைத்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

அவரும் என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்க அம்மாவா? மருந்தை எப்ப நிறுத்தினீங்க?"

தலைவர் என் அருகில்தான் நின்றிருந்தார். "ஆமா, என் பொண்ணுதான்" என்று மட்டும் சொன்னேன்.

நீ மாத்திரையை விட்டுவிடாதே, கண்ணு. ஒருவேளைகூட விடாதே.

அம்மா