டர்போவை எழுப்பாமல்

பிப்ரவரி 6

மெக்கானிக் சாருக்கு,

பிரிந்து இரண்டு வருஷம் ஆன பிறகு இவள் ஏன் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். உங்கள் சுரங்கத்துக்குப் போன் போட்டுப் பார்த்தேன், போகவில்லை. அங்கே டவருக்கு டீசல் இல்லையாம், அரிசி ஏற்றிப் போகும் லாரியில் கடிதம் கொடுத்துவிட்டால் சேரும் என்று இங்கே கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள்.

அத்தைக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. உங்களிடம் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். இன்று அதை மீறுகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது. எண்ணெய்க் கப்பல் வராததால் பஸ் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மட்டும்தானாம். என் சின்ன வண்டி கியர்பாக்ஸ் போய்க் கிடக்கிறது, பாகம் கிடைக்கவில்லை.

ஷெட்டில் மிச்சம் இருப்பது உங்கள் டர்போ கார், அந்த ராட்சசன். நானும் அதுவும் இந்த வீட்டில் எப்படி இருந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் எடுத்தேன். வண்டிக்கு வாரம் இருபது லிட்டர் பெட்ரோல்தான் பங்கு. இது குடிக்கிற குடியில் இரண்டு தடவை போய் வந்தாலே டாங்க் காய்ந்துவிடுகிறது. மூன்றாவது நாள் அத்தை வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். கால் வீங்குகிறது.

இதைக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கவைக்க முடியுமா? அதற்காகத்தான் எழுதினேன்.

டீச்சர்

*

பிப்ரவரி 15

டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் சூப்பர்வைசரிடம் ஓடினேன். "லீவு குடுத்துடுறேன்பா. எதுல போவ? அரிசி லாரியே எப்ப வரும்னு தெரியல. நடந்தே போயிடுவியா?" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் மனைவிக்குப் பிரசவம் ஆகி அவரே இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். அதையாவது சொல்கிறேன்.

அந்த இஞ்சின் சின்னதுதான். நீ பெடலை அழுத்தும்போதுதான் டர்போ சுழன்று காற்றை உள்ளே திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். டர்போவை எழுப்பாமல் ஓட்டினால் அது பரம சாது. டர்போவின் காற்றழுத்தம் காட்ட ஸ்டியரிங் பக்கத்தில் நான் பொருத்திய வட்ட மீட்டரின் முள் பூஜ்யத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள். கியரைச் சீக்கிரம் மாற்று. இஞ்சின் முக்கி முனகினால் மட்டும் ஒரு கியர் இறக்கு. தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிடு, கியரிலேயே உருளட்டும். அப்போது சொட்டு பெட்ரோல்கூடப் போகாது. நியூட்ரலில் போடாதே, போட்டால் குடிக்கும். டயரில் காற்று எவ்வளவு என்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும், அந்த அளவுக்கு அடி. டிக்கியில் இருக்கும் ஸ்பீக்கர் பெட்டியைக் கழற்றி எறி, பாரம் குறையும். ஆமாம், நான்தான் சொல்கிறேன்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நான் சாப்பிடுகிறேன் என்று சொல். முதலில் அதைத்தான் கேட்பாள்.

உன் பள்ளிக்கூடம் நடக்கிறதா? நீ சாப்பிடுகிறாயா?

நான்தான்

*

மார்ச் 3

மெக்கானிக் சாருக்கு,

பெட்டியைப் பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து கழற்றினார். அவர் பையன்கள் அதைத் தூக்கிப் போய் ரேடியோ மாட்டி, தெருவையே அலறவைக்கிறார்கள். நீங்கள் இல்லாத குறையே தெரியவில்லை.

அத்தை இப்போது முன் சீட்டில்தான் உட்காருகிறார். மீட்டரைப் பார்க்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் லேசாகக் காலை வைத்தால் போதும், "முள்ளு ஏறுதுடி! ஏறுது ஏறுது!" என்று கத்துகிறார். நேற்று ஒரு சைக்கிள் எங்களை முந்திப் போனது. "பாத்தியா, அவன் பெட்ரோலே போடல," என்றார். எனக்குச் சிரிப்பு அடங்காமல் ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓரமாக நிறுத்தி மறுபடி கிளப்பியதில் எவ்வளவு போனது என்று பிறகு இருவரும் கவலைப்பட்டோம்.

லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தது, இப்போது பத்து வரை கொடுக்கிறது. மூன்று தடவைக்குப் பன்னிரண்டு வேண்டும்.

இனி எழுதப்போவது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். போன வாரம் அத்தை, "டாக்டரே சொல்லிட்டாரு, ரெண்டு நாள் போதுமாம். நல்லா தேறிட்டேனாம்," என்றார். முகம் மலர்ந்து சொன்னார். நானும் நம்பினேன். மெஷின் பக்கத்தில் இருக்கும் நர்ஸ்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரும்மா அப்படி சொன்னது? மூணு நாளே பத்தல," என்றாள். வரும் வழியில் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உன்னை எத்தன நாள்தான் பெட்ரோல் க்யூவுல நிக்க வெக்கிறது," என்றார்.

ஒரு விஷயம். கொஞ்சம் வேகம் எடுத்தால் முன்னால் 'உஸ்' என்று சத்தம். புகைக்குழாய் வாயில் கரி அப்பியிருக்கிறது. விரலை வைத்தால் மை மாதிரி ஒட்டுகிறது. இது சரிதானா?

பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். சாப்பிடுகிறேன்.

டீச்சர்

*

மார்ச் 12

டீச்சருக்கு,

சரியே இல்லை. நல்ல வேளை எழுதினாய். டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் ரப்பர் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது. காற்று வழியில் கசிகிறது. அது தெரியாமல் வண்டி முழுக் காற்றுக்கான பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. எரியாத பெட்ரோல்தான் அந்தக் கரி.

பானட்டைத் திற. இஞ்சின் ஆறியிருக்கட்டும். முன் கிரில்லுக்குப் பின்னாலிருந்து வரும் தடித்த கறுப்புக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போ. மூட்டில் எண்ணெய் ஈரமாகப் பட்டால் அந்த இடம்தான். குழாயை உள்ளே நன்றாகத் தள்ளிவிட்டு, சுற்றியிருக்கும் கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் இறுக்கு. உன்னால் முடியும். கிழிந்திருந்தால் முடியாது. அப்படி இருக்கக் கூடாது என்று இங்கே உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே நாள் முழுக்க என்னைவிட உயரமான சக்கரங்களைக் கழற்றி மாட்டுகிறேன். அங்கே ஒரு கிளிப்பை இறுக்க என்னால் வர முடியவில்லை. நேற்று வேலை நடுவில் கை நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த வெல்டர், "என்னண்ணே?" என்றான். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்.

அம்மா பொய் சொன்னால் வலது காதைத் தொட்டுக்கொள்வாள். பார்த்துக்கொள். அவளை விட்டுவிடாதே என்று உனக்கு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. எழுதிவிட்டேன்.

நான்தான்

*

ஏப்ரல் 9

அன்புள்ள உங்களுக்கு,

லாரி டிரைவர் இதைக் கொடுக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

அத்தை போய்விட்டார். ஆறாம் தேதி.

பெட்ரோல் போதாமல் போய்விட்டதா என்றுதான் நீங்கள் முதலில் நினைப்பீர்கள். போதுமானதாக இருந்தது. குழாய் கிழியவில்லை, கழன்றுதான் இருந்தது. நானே இறுக்கினேன். மறு வாரமே பன்னிரண்டைத் தாண்டியது. மூன்று நாளும் போய் வந்தோம், அதற்கடுத்த வாரமும் போனோம். வீக்கம் வடிந்தது. அத்தை தெருவில் நின்று தையல்காரரிடம், "என் மவன் அங்கேருந்தே வண்டிய சரி பண்ணிட்டான்," என்று பெருமை பேசினார். இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை.

ஆறாம் தேதி போகவேண்டிய நாளே இல்லை. மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது. தையல்காரரும் நானும் தூக்கிப் பின் சீட்டில் படுக்கவைத்தோம். மெயின் ரோடு காலியாக இருந்தது. நீங்கள் செய்யக் கூடாது என்று எழுதியதையெல்லாம் செய்தேன். பெடலைத் தரையோடு அழுத்தினேன். முதலில் ஒன்றும் இல்லை, பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியது போல் வண்டி பாய்ந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அதை எழுதத் தெரியவில்லை. இத்தனை வருஷம் நீங்கள் எதைச் சொல்ல வந்தீர்கள், நான் எதைக் கேட்க மறுத்தேன் என்று அந்த ரோட்டில் புரிந்தது.

அத்தைக்கும் தெரிந்திருக்கிறது. பின்னாலிருந்து, "இதுக்குத்தான் இத வாங்கினானா," என்றார். குரலில் கோபம் இல்லை. அதன் பிறகு பேசவில்லை.

உயிரோடுதான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். டாக்டர்கள் ஓடி வந்தார்கள், மெஷினும் காலியாகத்தான் இருந்தது. எல்லாமே இருந்தது. இருட்டுவதற்குள் இதயம் நின்றுவிட்டது. "இன்னும் சீக்கிரம் வந்திருந்தா?" என்று கேட்டேன். "இதைவிட சீக்கிரம் யாராலயும் வர முடியாதும்மா," என்றார் டாக்டர். ஆறுதலுக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. உங்களுக்கு அப்படியே எழுதுகிறேன்.

உங்களுக்குச் சொல்லி அனுப்ப வழி தேடினேன். லாரி இல்லை, போன் இல்லை. உடலை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தையல்காரரும் எங்கள் தலைமையாசிரியையும் கூட இருக்க, இறுதிக் காரியம் எல்லாவற்றையும் நானே செய்தேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதத் தோன்றுகிறது. யார் யாரை மன்னிப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறேன்.

வண்டி ஆஸ்பத்திரி வாசலில் சொட்டு பெட்ரோல் இல்லாமல் நிற்கிறது. இந்த வாரப் பங்கை வாங்க நான் போகவில்லை.

அத்தையின் கட்டிலை எடுத்துவிட்டால் அறை விசாலமாகும் என்று தையல்காரர் மனைவி சொன்னாள். நீங்கள் வரும்வரை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் டீச்சர்