தோல் வாஷர் காயக்கூடாது

என் உயிரான சேகர் அண்ணா,

மன்னித்துவிடு, எழுதுகிறேன். நீ எதையும் எழுதி வைக்கிற ஆள் இல்லை. கையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தால்தான் உனக்குப் பேச்சே வரும். நான் அதற்கு நேர் எதிர். வகுப்பில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன், குரல் வராது. அது இன்னும் மாறவில்லை. அதனால்தான் இதை எழுத்தில் சொல்கிறேன், அதுவும் மற்றவர்கள் படிக்கிற இடத்தில். நீ கோபப்படலாம். ஏன் இப்படிச் செய்கிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நல்ல சேதி. கம்ப்யூட்டர் ஓடுகிறது. நீ போய் நான்கு வருஷம் ஆகியும் ஓடுகிறது. நான் பி.சி.ஏ. முடித்துவிட்டேன். பட்டம் வாங்கிய போட்டோவை உன் போட்டோவுக்குப் பக்கத்தில் அம்மா மாட்டியிருக்கிறாள். காட்பாடியில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை. தினமும் ஆம்பூரிலிருந்து காலை ரயில். உன்னைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. தண்ணீரில் ஓடும் கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தார்கள்.

நீ அதைச் செய்த காரணத்தைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். நம் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் தோலைத் தேய்க்கும் பஃபிங் ஷெட். அதன் பழுப்புத் தூள் சோற்றில் விழும், தலையணையில் படியும். நீ சென்னையிலிருந்து பழைய பாகங்களாக வாங்கிவந்து கோர்த்த பெட்டியின் காற்றாடியை அது ஒரே மாதத்தில் அடைத்துவிட்டது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாதத்தில் பத்து நிமிஷம்கூட ஓடாமல் அணைந்துபோகும். நான் அழுதேன்.

“அழுவாத. கம்பெனியில ஷேவிங் மெஷினுக்கு ஆயில் சூடானா தண்ணி விட்டுத்தான் ஆத்தறோம். இதுக்கும் அதான்,” என்றாய். தோல் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த உனக்கு உலகமே பம்பும் பைப்பும்தான்.

மீன் தொட்டி பம்பு ஒன்று. பழைய வேனிலிருந்து கழற்றிய சின்ன ரேடியேட்டர். தண்ணீர் நிற்க ஒரு ஊறுகாய் பாட்டில். சூடாகும் ப்ராசஸர் சில்லின் மேல் உட்கார ஒரு செம்புக் கட்டி. அதை உன் தோஸ்த் நவாஸ் அண்ணன் லேத்தில் கடைந்து கொடுத்தார். இணைப்புகளுக்கு அளவான ரப்பர் வாஷர் கிடைக்கவில்லை. “அடிபம்புக்குத் தோல் வாஷர்தானே போடறோம், ஆம்பூர்ல தோலுக்கா பஞ்சம்?” என்று அவர் கெட்டித் தோலில் வட்டமாக வெட்டித் தந்தார். முதல் மாதம் பாட்டில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. மூன்று முறை மாற்றினோம். பிறகு தெளிந்துவிட்டது.

நைனாவுக்கு அது பிடிக்கவே இல்லை. நம் அப்பாவுக்கு எதுதான் பிடித்தது? டிரம்மில் ஈரத் தோலை அள்ளிப் போட்ட கை அது. சாயங்காலம் வீட்டுக்குள் வந்தால் யார் மேலாவது விழ வேண்டும். குழம்பு ஆறியிருந்தால் விழும், சூடாக இருந்தாலும் விழும். அம்மாவின் இடது காது கேட்காமல் போனது எந்த வருஷம் என்று உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நினைவில்லை. அவளுக்கு எப்போதும் வலது பக்கம் நின்று பேசுவதுதான் நினைவில் இருக்கிறது.

“ஏன்டா, பொட்டப்புள்ளைக்குத் தண்ணி ஊத்தற கம்ப்யூட்டரு ஒரு கேடா?” என்பார் உன்னிடம்.

“உனுக்கு மட்டும் தெனமும் தண்ணி ஊத்தறோமே நைனா,” என்பாய். அதற்கு ஓர் அறை வாங்குவாய். வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நீதான் அங்கே இருந்தாயே, உனக்கு எதற்கு? ஆனாலும் சொல்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வேலை அது. பழைய தண்ணீரை வடித்தாய். செம்புக் கட்டியை அம்மா புளி போட்டு, குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் தேய்த்துத் தந்தாள். பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரை நான் ஊற்றினேன். நம் போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து ஒரே வாரத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு கம்ப்யூட்டரைப் போடாமல் பம்பை மட்டும் தனி ப்ளக்கில் போட்டு, இணைப்புகளுக்குக் கீழே செய்தித்தாளை விரித்தாய். “மூணு மணி நேரம் ஓடட்டும். பேப்பர் நனையலன்னா நாம ஜெயிச்சோம்.”

அப்போதுதான் நைனா வந்தார். ஷூ கம்பெனியில் எனக்குத் தையல் வேலை பேசிவிட்டாராம். “நாளைக்குக் காலைல வேன் வரும். ஏறிப் போ. காலேஜு போதும்.”

“ரெண்டு வருசம் படிச்சிட்டா. இன்னும் ஒரு வருசந்தானே,” என்றாள் அம்மா.

அவ்வளவுதான் அவள் சொன்னது. நைனா அவள் கொண்டையைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. சுண்ணாம்பில் அவள் பல் பட்ட பள்ளம் இன்னும் இருக்கிறது. பிறகு “இதாலதான் எல்லாம்” என்று கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். நீ குறுக்கே நின்றாய்.

“பம்பு ஓடிக்கினு இருக்குது நைனா. கைய வெக்காத.”

பைப்பை முறுக்கும் உன் இரும்பு ரிஞ்சு தரையில் கிடந்தது. அவர் குனிந்து எடுத்தார்.

சத்தம் பெரிதாக இல்லை, அண்ணா. ஈரத் தோலை மேஜைமேல் அறைந்தால் வருமே, அந்த அளவுதான். நீ விழவில்லை. காதுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். ரத்தம்கூட அதிகமில்லை. நைனா ரிஞ்சைப் போட்டுவிட்டு வெளியே போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தவில்லை. அவர் கையைப் பிடிக்கவில்லை. கதவு மூலையில் டிஸ்டில்டு வாட்டர் கேனை அணைத்துக்கொண்டு நின்றேன்.

நீ மெதுவாகக் குனிந்து கம்ப்யூட்டருக்குக் கீழே பார்த்தாய். “பாரு, ஒரு சொட்டு இல்ல.”

ஒரு மணி நேரம் கழித்து, இன்றைக்கு என்ன கிழமை என்று என்னை இரண்டு முறை கேட்டாய். பிறகு வாந்தி. நவாஸ் அண்ணன் ஆட்டோ கொண்டுவந்தார். வேலூர் போகிற வழியில், பள்ளிகொண்டா தாண்டும்போது, என் கையைப் பிடித்து உன் தலையில் வைத்தாய்.

“இந்தப் பக்கம் வெய்யி. அந்தப் பக்கம் வலிக்குது. சத்தியம் பண்ணு. கம்ப்யூட்டர் தண்ணி ஒழுவிச்சு, நான் வழுக்கி விழுந்தேன். அவ்ளோதான். கேசுன்னு வந்தா உன் படிப்பு நின்னுடும்.”

செய்தேன். உன் தலை சூடாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது நீ பேசவில்லை. அதற்குப் பிறகு பேசவே இல்லை.

இனி நான் சொல்வது உனக்குத் தெரியாதது. போலீஸ் வருவதற்கு முன்பு வேலூரிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடிவந்தேன். செய்தித்தாள் காய்ந்தே கிடந்தது. அதை மடித்து என் டிரங்குப் பெட்டிக்குள் ஒளித்தேன். ரிஞ்சைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்தேன். பிறகு குழாயைப் பிடுங்கி, நாம் காலையில் ஊற்றிய தண்ணீரையெல்லாம் தரையில் கொட்டினேன். பொய்யை என் கையாலேயே ஈரமாக்கினேன்.

ஏட்டய்யா வந்து பார்த்தார். “இன்னாம்மா இது, கம்ப்யூட்டரா மீன் தொட்டியா?” என்றார். நான் தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. எழுதிக்கொண்டு போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். தண்ணீர் ஊற்றி, பம்பைப் போட்டு, புதுப் பேப்பர் விரித்தேன். ஐந்தே நிமிஷத்தில் இரண்டு இணைப்புகளிலிருந்து சொட்டியது. தரையில் ஓடியது. நைனா பார்த்துக்கொண்டே நின்றார்.

“பாத்தியா, ஒழுவுது. இதாலதான் எம் புள்ள பூட்டான்,” என்றார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அண்ணா, அது நடிப்பில்லை. அந்த நிமிஷத்திலிருந்து அவர் அதை நம்பிவிட்டார். வருஷா வருஷம் உன் நினைவுநாள் போஸ்டரில் ‘தவறி விழுந்து’ என்று போடச் சொல்கிறவர் அவர்தான். அதைக் கண் கலங்காமல் அவரால் படிக்க முடியாது.

நவாஸ் அண்ணன் இணைப்பைக் கழற்றி வாஷரைக் கையில் எடுத்தார். அப்பளம்போல் விறைத்திருந்தது. “காய வுட்டியாம்மா? தோலு ஈரத்துல இருக்கற வரைக்கும் உப்பிப் புடிச்சிக்கும். காஞ்சா சுருங்கிடும். ஊற வெச்சிப் போடு.” ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் போட்டேன். நின்றுவிட்டது. பிறகு அவர் சரியான அளவில் ரப்பர் வாஷர் வாங்கிவந்து கொடுத்தார். நான் மாட்டவில்லை.

அன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் செய்கிறேன். வாஷர்களைக் கழற்றியதும் டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவேன். செம்பை அம்மா புளியில் தேய்ப்பாள். பம்பு மூன்று மணி நேரம் ஓடும். பேப்பர் நனைந்ததில்லை. ஒரு சொட்டும் இல்லை. வாயைத் திறக்கத் தெரியாதவளுக்கு வேறு என்ன தெரியும்? அது ஒழுகாது என்று அந்த வீட்டுக்குள் நான் சொல்லிக்கொண்டிருந்த ஒரே விதம் அதுதான்.

நைனா ஒரு வருஷம் யார்மேலும் கை வைக்கவில்லை, ஷூ கம்பெனிப் பேச்சையும் எடுக்கவில்லை; அந்த வருஷத்தில்தான் படிப்பை முடித்தேன். பிறகு தொடங்கினார். முதலில் தட்டை எறிந்தார். அப்புறம் அறை. அப்புறம் கால். போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், அம்மாவின் வயிற்றில் உதைத்துவிட்டு அங்கேயே பாயில் படுத்துத் தூங்கினார். நான் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். ரிஞ்சை எடுத்தேன். அவர் தலைமாட்டில் நின்றேன். காதுக்கு மேலே எந்த இடம் என்று எனக்குத் தெரியும். கை நடுங்கவே இல்லை, அண்ணா. அதுதான் பயமாக இருந்தது. பம்பு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திருப்பிச் சுற்றி வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மணிக்கட்டை முறுக்கினார். விறகு ஒடிவதுபோல் ஒடிந்தது. நான் குறுக்கே போனேன், இந்த முறை போனேன். என் உதடு கிழிந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

“எப்படிம்மா விழுந்தீங்க?” என்று நர்ஸ் கேட்டார்.

“வீட்டுல கம்ப்யூட்டர் தண்ணி ஒழுவிக் கெடந்துச்சு சிஸ்டர். வழுக்கிட்டேன்.”

உன் வார்த்தை. அப்படியே உன் வார்த்தை. நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு என் உதட்டைப் பார்த்தார். “கம்ப்யூட்டர்ல ஏதும்மா தண்ணி?”

“இருக்குது சிஸ்டர்,” என்றேன்.

“ஒழுகுச்சா?”

அம்மா நல்ல கையால் என் தொடையைக் கிள்ளினாள். நான்கு வருஷமாக டம்ளரில் வாஷர் ஊறவைத்த எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் வரவில்லை.

“இல்ல,” என்றேன். “அது ஒழுகாது.”

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தைபோல் வைத்திருந்தாள். நான் அவள் வலது பக்கம் உட்கார்ந்து சொன்னேன்: மகளிர் ஸ்டேஷனுக்குப் போகலாம்.

“போயி இன்னா சொல்லுவ?”

“உன் கைய சொல்லுவேன். அண்ணனையும் சொல்லுவேன்.”

“அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கியே.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நவாசு சொன்னான். அவந்தானே ஆட்டோ ஓட்டுனது.” ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் வர்றேன். ஆனா அவன ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. அவன் தலமேல வெச்ச கை அது.”

அதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றவர்கள் படிக்கிற இடத்தில் எழுதிவிட்டால், நான் மறுபடி வாயை மூடிக்கொள்ள முடியாது.

நீ எதற்காக அந்தப் பொய்யைக் கேட்டாயோ, அது முடிந்துவிட்டது. படித்துவிட்டேன். சுவரில் போட்டோ இருக்கிறது. இனி அந்தப் பொய் யாரைக் காப்பாற்றுகிறது? அம்மாவையா? என்னையா? அவர் தலைமாட்டில் இன்னொரு மத்தியானம் நான் நின்றால், அப்போது என் கை எதைச் செய்யும்?

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். மடித்து வைத்த அந்தக் காய்ந்த பேப்பரையும் ரிஞ்சையும் அப்படியே மேஜைமேல் வைப்பேன். தரையில் தண்ணீரைக் கொட்டியது நான் என்றும் சொல்வேன். அதற்கு எனக்கு என்ன வந்தாலும் வரட்டும். கொடுப்பதற்குத் தவிர வேறு எதற்கும் அந்த ரிஞ்சை இனித் தொடமாட்டேன். கம்ப்யூட்டரையும் அவர்கள் கேட்டால் கொடுப்பேன். வாஷர் காய விடாதீர்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

ஒன்றே ஒன்று பாக்கி. இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருந்தது. நீ வலிக்காது என்று சொன்ன பக்கத்தில் என் கை இன்னும் இருக்கிறது, அண்ணா. நான்கு வருஷமாக அங்கேயே இருக்கிறது.

எடுத்துக்கொள்ளட்டுமா?

உன் தங்கச்சி,
கலா