அந்த விருந்தில் இருந்தவர்கள் முப்பத்து மூன்று பேர்

பூமீஸ்வரர் துணை

மரக்காணம்
20.2.2006

அன்புள்ள தம்பி கலையரசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த ஷார்ஜா வெயிலில் அப்படியே இருக்க பூமீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன். நலம் விசாரிப்பது இவ்வளவு போதும், மனசு கொதிக்கிறது. முதலில் போன பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழ்புத்துப்பட்டில் கல்லூரிக்காரர்கள் வைத்த விருந்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன், வந்து என் நோட்டில் குறித்து வைத்தது. படமெடுக்கிற படிப்பில் கடைசி வருடம் படிக்கிற பிள்ளைகள் பதினெட்டு பேர், அதில் பெண்கள் ஐந்து, அந்த ஐந்தில் ஒருத்தி உன் தங்கை கலைமதி. வாத்தியார்கள் இரண்டு பேர், பெரியவர் பெயர் சிவப்பிரகாசம். சென்னையிலிருந்து வந்த சினிமா, டி.வி. ஆட்கள் ஐந்து பேர், அதில் அமராவதி என்று அறுபது வயதுப் பெண்மணி ஒருவர். பெற்றவர்கள் நான்கு பேர், அதில் நான் ஒருத்தி. சமையல்காரர்கள் மூன்று பேர், வேன் டிரைவர் ஒருவர். ஆக முப்பத்து மூன்று பேர். இருட்டிய பிறகு முடியும், தூரத்திலிருந்து வருகிற பெண் பிள்ளைகளோடு வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் வர வேண்டும் என்று கல்லூரியிலிருந்தே எழுதிக் கொடுத்திருந்தார்கள், அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் போனேன்.

உன் சித்தப்பா தட்சணாமூர்த்தி உனக்கு போன் போட்டு, உன் தங்கச்சி சினிமாக்காரங்களோட வேன்ல வந்து எறங்குறா என்று சொன்னாராம். நீயும் வியாழக்கிழமை, நான் கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருந்த நேரத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, படிச்சது போதும், நிறுத்திட்டுக் கிளியனூர் வரனைப் பேசி முடிங்க என்று சொல்லிவிட்டாய். அம்மா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அந்த வேனில் இருந்தது டிரைவர், அமராவதி அம்மாள், நான், மதி, அவளோடு படிக்கிற ஒரு பெண், அந்தப் பெண்ணின் அப்பா. அமராவதி அம்மாள் சென்னைக்குத் திரும்புகிற வழி என்பதால் எங்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்கள். நீ போன் செய்த மறுநாள் சித்தப்பாவிடமே போய், நான் வேனில் இருந்ததைப் பார்த்தீங்களா இல்லையா என்று கேட்டேன். அதற்கு அவர், "உங்களப் பாத்தேன் அண்ணி, நீங்க கூட இருந்தது தெரிஞ்ச விஷயம்தானே, அதப் போயி எதுக்குத் தனியா சொல்லணும்" என்கிறார். அந்தப் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லாமல் விடுகிற பாதியால்தான் இந்த ஊரில் எத்தனை வீட்டில் சண்டை என்று உனக்கே தெரியும், தெரிந்தும் நீ நம்பினாய்.

அந்த விருந்து எதற்கு என்றால், படிப்பு முடிகிற பிள்ளைகள் தொழிலில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகி வேலைக்கு வழி தேடிக்கொள்ளத்தான். சாப்பாட்டை ஒரு நீள மேசையில் வைத்துவிட்டு, வந்தவர்களைத் தட்டோடு வரிசையில் நிற்கச் சொன்னார்கள். வெளியூரிலிருந்து வந்த விருந்தாளியைத் தட்டேந்த வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை, சமையல்காரர்களும் சூடாக இடியாப்பம் எடுத்துவரப் போய்விட்டார்கள், நம் வீட்டு விசேஷம் போல நினைத்துக் குருமாக் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பரிமாற ஆரம்பித்துவிட்டேன். மதி கண்ணால் வேண்டாம் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. அதனால் என்னைச் சமையல் ஆள் என்று நினைத்துவிட்டார்கள். அது தப்பு என்று எனக்கு அப்போது தெரியாது, இப்போது நல்லதுக்குத்தான் என்று படுகிறது, ஏனென்றால் கரண்டி பிடித்தவள் எதிரில் யாரும் எதையும் மறைத்துப் பேசுவதில்லை.

சீரியல் எடுக்கிறவர் அரசப்பன் என்று ஒருவர், சிவப்பிரகாசம் சாரிடம் இப்படிச் சொன்னார். "பொம்பளப் புள்ளைங்கள வேலைக்கு எடுத்து என்னா சார் பண்றது? தொழில் கத்துக்கறதுக்குள்ள கல்யாணம் ஆயிடும். அந்த எடத்த ஒரு பையனுக்குக் குடுத்தா குடும்பத்தக் காப்பாத்துவான்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, ஏம்மா இன்னும் கொஞ்சம் ஊத்து என்று தட்டை நீட்டினார். ஊற்றினேன். சோற்றில் கை வைத்திருக்கிறவனைக் கடிந்து பேசினால் அந்தப் பாவம் பரிமாறியவளைச் சேரும், அது எதிரியாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் அடுத்த தட்டுக்கு நகர்ந்தேன். அவர் சாப்பிட்டு முடித்து எழுந்து குழாயடிக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். கையைக் கழுவித் துடைத்து முடிக்கும்வரை நின்று, அதன் பிறகு சொன்னேன். "ஐயா, நீங்க சாப்ட்டுட்டு இருந்தீங்க, அதனால அங்க பேசல. நான் சமையல் ஆள் இல்ல, அந்த அஞ்சு பொண்ணுல ஒண்ணுக்கு அம்மா. அதுங்க பண்ணுன வேலைய நீங்க இன்னும் பாக்கவே இல்ல. பாக்காமலே எப்படிங்க கணக்க முடிச்சீங்க?" மனுஷர் முகம் சுருங்கிப்போய், பொதுவாத்தான் சொன்னேம்மா என்றார். பொதுவாகச் சொன்னால் என் மகளும் அதில் அடக்கம்தானே என்றேன்.

பிறகு பிள்ளைகள் எடுத்த படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். மதியின் படம் ஏழு நிமிஷம், நம் உப்பளத்தில் பொன்னம்மாள் உப்பு சுமக்கிறது, அவ்வளவுதான். பாட்டு இல்லை, மியூசிக் இல்லை. பொன்னம்மாள் கூடையைக் கொட்டிவிட்டு இடுப்பில் கை வைத்து நிமிர்கிற இடத்தில் படம் அப்படியே நிற்கிறது, எனக்கே இது என்ன இவ்வளவு நேரம் என்று தோன்றியது. முப்பது வருஷமாகப் படம் வெட்டி ஒட்டுகிற வேலையில் இருப்பவராம் அந்த அமராவதி அம்மாள், அவர் எழுந்து, அந்த இடத்த ஏம்மா வெட்டாம விட்ட என்று கேட்டார். உன் தங்கை கொஞ்சமும் பயப்படாமல், "அங்க அவங்க மூச்சு வாங்குறாங்க மேடம், வாங்கி முடிக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றாள். அந்த அம்மாள் சிவப்பிரகாசம் சாரைப் பார்த்து, எங்க நிறுத்தணும்னு இந்தப் பொண்ணுக்குத் தெரியுது சார், மத்தத நான் கத்துக் குடுத்துக்கறேன் என்றார். பரீட்சை முடிந்ததும் ஆறு மாதம் வடபழனியில் அவரிடம் வேலை பழக வரச்சொல்லி, பெற்றவர் சம்மதத்துக்கு ஒரு படிவமும் கொடுத்திருக்கிறார். படிவம் மார்ச் பதினைந்துக்குள் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் சாமி கண்ணைக் குத்திவிடும். சினிமாக்காரர்களைப் பற்றி நீ கேள்விப்பட்டதெல்லாம் நானும் கேள்விப்பட்டதுதான். அதனால் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த அம்மாளை வேனில் ஒரு கேள்வி விடாமல் கேட்டேன். பெண் எங்கே தூங்கும், கூட யார், வேலை எத்தனை மணிக்கு விடும், அந்த அறைக்குச் சாவி யாரிடம், ஆண்கள் எத்தனை பேர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக விடுவீர்களா என்று. அவர் முகம் கோணாமல் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, கேளுங்கம்மா, கேக்காத அம்மாவோட பொண்ணச் சேத்துக்கத்தான் நான் யோசிப்பேன் என்றார். அவர் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறார், அங்கேயே மாடியில் அறை தருகிறார். சிவப்பிரகாசம் சாரின் மனைவி போன வாரமே அங்கே நேரில் போய்ப் பார்த்துவந்து சரி என்றார். நானும் இந்த மாசியிலேயே ஒரு நடை போய்ப் பார்க்கப்போகிறேன்.

அரசப்பன் குருமாவுக்கு நடுவில் சொன்னதையும் நீ போனில் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் தம்பி. பொம்பளப் புள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆயிட்டா அந்தப் படிப்பு எதுக்கு ஆவப்போவுது என்று நீ கேட்டதாக அப்பா சொன்னார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அவர் யாரோ, அவள் வேலையைப் பார்க்காதவர். நீ அவளைத் தூக்கி வளர்த்தவன். அவர் கையைக் கழுவும்வரை நான் காத்திருந்தேன், உனக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும்? நீ வெளிநாடு போகிறேன் என்றபோது இதே சித்தப்பா இதே டீக்கடையில் உட்கார்ந்து, ஏஜெண்டு ஏமாத்திடுவான், அனுப்பாதீங்க என்று சொன்னார். அன்று யாராவது மதியின் சம்மதத்தைக் கேட்டோமா? உன் பாஸ்போர்ட் பாரத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தவளே அவள்தான், அப்போது ஒன்பதாவது படித்தாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. புத்தகப் பையைப் பரண்மேல் தூக்கிப் போட்டுவிட்டு, அப்பாவோடு உப்பளத்தில் பாத்தியை மிதித்து இறுக்கப் போகிறாள். முதல் உப்பு வாருவதற்கு இன்னும் பதினைந்து நாள் ஆகும், ஆள் தேவைதான், ஆனாலும் அவள் மிதிக்கிற மிதியைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அண்ணன் கிட்ட எனக்காகப் பேசாதம்மா, அதுவா நெனச்சாத்தான் உண்டு என்று மட்டும் சொன்னாள். அப்பா படிவத்தை மாடத்தில் வைத்துவிட்டு, பெரியவன் ஒரு வார்த்தை சொல்லட்டும், கையெழுத்துப் போடறேன் என்கிறார். அவரும் ஊருக்குப் பயந்தவர், உனக்குத் தெரியும்.

இதையெல்லாம் போனில் பேசினால் நீ நடுவில் குறுக்கே விழுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுசாகப் படி. அந்தப் படிவத்தில் தாய் அல்லது தந்தை என்றுதான் போட்டிருக்கிறது. நான் மூன்றாவது தாண்டாதவள் என்றாலும் என் பெயரைத் திருத்தமாக எழுதத் தெரியும். மார்ச் பதின்மூன்றாம் தேதிவரை பார்த்துவிட்டு நானே கையெழுத்துப் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றே போடாததற்குக் காரணம் ஒன்றுதான். அண்ணன் வேண்டாம் என்று சொல்லியும் போனாள் என்று அவள் வாழ்நாள் முழுக்க ஒரு பேச்சு இருக்கக் கூடாது. உன் வாயால் போ என்று சொல்லி அவள் போக வேண்டும். அப்பாவுக்கு ஒரு வரி எழுது, அவளுக்குத் தனியாக ஒரு வரி எழுது, கிளியனூர்க்காரர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் கட்டடத்தின் மேலே ஏறாதே, பல்வலிக்குச் சும்மா மாத்திரை விழுங்காமல் டாக்டரிடம் காட்டு. திட்டிவிட்டேனே என்று சாப்பிடாமல் இருக்காதே. புத்துப்பட்டு அய்யனார் உன் பக்கத்திலேயே இருந்து காப்பார், நீ நூறு வயது நன்றாக இருப்பாய். கடிதம் கிடைத்ததும் சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
க. அம்சவல்லி