மைனர் கிடாவைப் பற்றி அண்ணனுக்கு

என் ஆசை அண்ணனுக்கு,

சனிக்கிழமை மத்தியானம் நான் சீவலப்பேரியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், "ஏட்டி தாசில்தாரம்மா, என்ன தாக்கல்?" என்று கேட்பாயே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி ஒன்றரை வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட ஆபீசுக்கு வருகிற கடிதம் எதுவானாலும் மூன்று நாளைக்குள் பதில் போட்டுவிடுகிறவள் நான். உனக்கு மட்டும் எழுதவில்லை. ஒரு நல்ல தாக்கல், நல்ல சேதி வரட்டும், எழுதுவோம் என்று இருந்தேன்.

நல்ல தாக்கல் போன வாரம் வந்தது. உன் ஆடுகளில் ஒன்று இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் கால் மணி நேரத்தில் எழுந்து நின்று பால் குடித்தன. இதை எழுதி, கையெழுத்துப் போட்டு முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் மதினி இப்போது இருக்கிற நிலையில் அப்படி முடிக்க என்னால் ஆகவில்லை. நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் அண்ணே. அதைத் திருத்தப் போய் இன்னொன்றும் செய்துவிட்டேன்.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். மைனர் என்பது மந்தையைப் பெருக்க நீ வைத்திருந்த பொலிகிடா. கயத்தாறு பக்கத்து மாடசாமி அண்ணாச்சியிடமிருந்து நீ மாற்றி வாங்கி வந்த பால்கன்னி இனத்து ஆடு. கன்னங்கரேல் உடம்பு, முகத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு. டெம்போவிலிருந்து இறங்கி அது நடந்த நடையைப் பார்த்து, "சொத்தைத் தின்னு தீக்க வந்த மைனரு மாதிரில்லா வாரான்" என்று நீதான் பெயர் வைத்தாய்.

நீயும் அண்ணாச்சியும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கிடா மாற்றிக்கொள்வீர்கள். அவர் கிடா வரும், அதே டெம்போவில் உன் கிடா போகும். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. ஒரு கிடா அதற்கு மேலும் ஒரே கொட்டிலில் நின்றால், அது போட்ட பெட்டைக்குட்டிகளே பருவத்துக்கு வந்து அதனோடு சேர்ந்துவிடும், அப்புறம் மந்தை உருப்படாது என்பாய். இதை நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாய். நானும் செல்போனைப் பார்த்துக்கொண்டே "சரிண்ணே, சரிண்ணே" என்பேன்.

மைனரை மாற்ற வேண்டிய தவணை வரும் முன்னால் நீ போய்விட்டாய். நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு நடந்து போன மனுஷன், உயிரோடு திரும்பவில்லை. பத்து நாள் வீடு கொள்ளாத கூட்டம். காப்பியும் சாப்பாடும் சர்ச் சபையார் வீடுகளிலிருந்து வந்துகொண்டே இருந்தன. மதினி அழவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் பாய் எடுத்துப் போட்டாள், செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "நல்ல தைரியசாலி" என்று சொல்லிவிட்டு எல்லாரும் கிளம்பினார்கள். பதினோராம் நாள் காலையில் அவள் எழுந்து ஆட்டுக் கொட்டிலுக்குப் போனாள்.

அன்றிலிருந்து காலையும் சாயங்காலமும் அங்கேதான். அகத்திக் குழை கட்டுவாள், சாணி அள்ளுவாள், வேலை முடிந்ததும் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு மைனர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். குவைத்தில் நர்சாக இருக்கிற உன் மகள் ஷீபா, ஆட்டையெல்லாம் விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொல்லிப் போனில் மன்றாடினாள். மதினி மாட்டேன் என்றாள். வேலை அவளைத் தாங்குகிறது, அது போதும் என்று நான் நினைத்தேன்.

ஆனி மாதம் மாடசாமி அண்ணாச்சி புதுக் கிடாவோடு வந்தார். அன்று நானும் இருந்தேன்.

"தம்பி இருந்தா இந்நேரம் மாத்தியிருப்போம். அதான் கொண்டாந்தேன் தாயி."

"இந்த வருசம் வேண்டாம் அண்ணாச்சி. இவன் நிக்கட்டும்" என்றாள் மதினி.

"பெத்ததுகளோடயே சேந்துரும். நல்லதில்ல தாயி."

மதினி என் முகத்தைப் பார்த்தாள். நான் உடனே, "ஒரு வருசந்தானே அண்ணாச்சி, என்ன ஆயிரப்போவுது?" என்றேன்.

அவர் என்னிடம் வாக்குவாதம் செய்யவில்லை. டீயைக் குடித்துவிட்டுத் தன் கிடாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். ஆட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாத நான், உன் கொட்டிலில் நின்றுகொண்டு, உன் சொல்லை மாற்றிச் சொன்னேன். மதினிக்காகப் பேசியதாக அப்போது எனக்குப் பெருமை வேறு.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நான் அங்கே இருந்தபோது குட்டிகள் விழ ஆரம்பித்தன. முதல் குட்டி செத்தே பிறந்தது. இரண்டாவதுக்குக் கீழ்த்தாடை குட்டையாக இருந்தது. காம்பைப் பிடிக்கத் தெரியாமல் அது தாயின் மடியை முட்டி முட்டி விழுந்தது. மதினி மடியில் போட்டு மருந்து ஊற்றுகிற பாலாடையால் பால் புகட்டினாள். மூன்றாம் நாள் காலையில் அவள் மடியிலேயே கிடந்து போயிற்று. ஒன்பது குட்டியில் ஆறு போய்விட்டது, அண்ணே.

"என் கையி வெளங்கல ரூபி. அவிய கையில ஒரு குட்டி இப்படிப் போனதில்ல. நான் தொட்டாச் சாவுது" என்றாள். தொழுவத்து ஓரத்தில் குழி தோண்டிக்கொண்டே சொன்னாள்.

நான் இருக்கிற பாளையங்கோட்டையிலிருந்து ஒரு கால்நடை டாக்டரம்மாவை நான் கையோடு அழைத்துப் போனேன். அவர் ஆடுகளைப் பார்த்தார், மைனரைப் பார்த்தார். "இது எத்தனை வருஷமா நிக்குது? இந்தப் பெட்டைகள்லாம் எதோட குட்டிக?" என்று இரண்டே கேள்வி கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டரம்மா போன பிறகு மதினியிடம், "உங்க கையி இல்ல மதினி, கிடாதான். அன்னைக்கு நான் சொன்ன தப்புதான்" என்று சொன்னேன். அவள் மைனரின் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு, "விக்கச் சொல்லிராத ரூபி" என்றாள்.

அங்கேதான் எனக்கு நீ கேலி செய்கிற அந்தத் தாசில்தார் புத்தி வந்தது. கிடாவும் போகக் கூடாது, குட்டியும் சாகக் கூடாது. அதற்கு வழி இருக்கிறதே. மைனருக்குக் காயடித்துவிட்டுக் கொட்டிலிலேயே வைத்துக்கொள்ளலாம், அண்ணாச்சியின் கிடாவை வரவழைக்கலாம். டாக்டரம்மாவும் செய்யலாம் என்றார். நான் மதினியிடம் இதைச் சொன்னபோது, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள் போல இருந்தேன்.

"அப்ப அவன் இங்கனயே நிப்பான்லா?"

"இங்கனயேதான் நிப்பான் மதினி."

"வேற ஒண்ணும் மாறாதுல்லா?"

"ஒண்ணும் மாறாது. சேட்டை கொறஞ்சு அமைதியா இருப்பான், அவ்வளவுதான்."

சித்திரையில் ஒரு காலை டாக்டரம்மா இடுக்கியோடு வந்தார். மதினிதான் மைனரின் தலையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் கண்ணை மூடிப் பிடித்துக்கொண்டாள். அது ஒரு தடவை கத்தியது. மூன்று நாள் வீக்கமும் பட்டினியுமாகக் கிடந்து, நாலாம் நாள் குழை தின்றது. அதே வாரம் அண்ணாச்சி புதுக் கிடாவை இறக்கினார். போன வருஷத்துப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. "தம்பி வச்ச மந்தை, கெட்டுப் போவக் கூடாதுல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ஆடிக்குப் பிறகு மதினி கொட்டிலுக்குப் போவது குறைந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து குழை போட்டுவிட்டுப் போகிறாள் என்றாள். கவிழ்த்துப் போட்ட கூடையைக் காணவில்லை. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? மனசு தேறிவிட்டது என்று நினைத்தேன். ஷீபாவுக்குப் போன் போட்டு, "ஒங்கம்மா தேறிட்டா" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

போன சனிக்கிழமை இரட்டைக் குட்டியைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் மதினி வந்தாள். குனிந்து இரண்டின் தாடையையும் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். பின்னாலேயே போன என்னிடம், தேய்ப்பதை நிறுத்தாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் கோயில் அசனத்துக்கு ஒரு கிடா தருவதாகப் பெயர் கொடுத்திருப்பதாகச் சொன்னாள். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து, வருஷா வருஷம் நீ கொடுப்பதுதானே, நல்லது என்றேன்.

"எந்தக் கிடா மதினி?"

"மைனரத்தான். கொழுத்துப் போயி சும்மாதானே நிக்குதான்."

"அவன விக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீய?"

"அது அப்பம்."

"இப்பம் என்ன?"

"வாடை போயிட்டுல்லா ரூபி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே பைய, சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவிய மேல உள்ள வாடை. எத்தன சோப்பு வாங்கிக் குடுத்திருப்பேன், போவுமா? அவிய போன பெறவு சட்டையில இருந்துச்சு. ஆறு மாசத்துல அதும் போயிட்டு. மைனருகிட்ட மட்டும் அப்படியே இருந்துச்சு. அவன் பக்கத்துல போயி இருந்தேன்னா, அவிய வந்து உக்காந்த மாதிரி இருக்கும். அதான்."

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஆராதனைக்கு நீ வெள்ளைச் சட்டை போட்டு, பவுடர் பூசி வந்தாலும் உன் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாகவே இருக்கும். மதினி வெட்கத்தில் தலையைத் தூக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து உன்னை வறுத்து எடுப்பாள். நீ சிரிப்பாய். பொலிகிடாவின் வாடை அது. காயடித்தால் கொஞ்ச நாளில் போய்விடும் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொன்னார். "வீட்டுப் பக்கத்துல கட்டுறதுக்கு நல்லதுதான்" என்றார். நானும் அதை ஒரு லாபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். மதினியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

"முன்னயே சொல்லியிருக்கலாம்லா மதினி?"

"என்னன்னு சொல்ல? கிடா வாடைக்காவ வச்சிருக்கேன்னா சொல்ல முடியும்? நீயே சிரிச்சிருப்ப."

சிரித்திருப்பேன் அண்ணே. ஆபீசில் போய்ச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. "புதுக் கிடாகிட்டயும் அந்த வாடை இருக்கே மதினி" என்றேன். எதையாவது சொல்லிச் சரிக்கட்டியாக வேண்டுமே எனக்கு. அவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது வேற ஆட்டு வாடை" என்றாள்.

சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒங்கண்ணன் போயி ஒண்ணரை வருசம் ஆச்சுன்னு எல்லாரும் சொல்லுதாவ. எனக்கு ரெண்டு மாசந்தான் ஆவுது" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நீ போனதிலிருந்து அவள் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சாம்பல் கையோடு முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் தோளைத் தொட்டேன், தண்ணீர் கொடுத்தேன், ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டேன். அங்கே உட்கார எனக்குத் தைரியம் இல்லை. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை, செய்யவும் ஒன்றும் இல்லை. செய்ததைத் திரும்ப எடுக்க எந்த டாக்டராலும் முடியாது. நீ இருந்தால் உன்னிடம் கேட்பேன். உன்னிடம் எப்படிக் கேட்பது?

நாலு நாளாக ஆபீசில் உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீ போனபோது வந்த அந்தக் கூட்டத்தையும் நினைத்துப் பார்த்தேன். பத்து நாளும் மதினி அவர்களுக்குத்தான் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு ரெண்டு மாசம்தான் ஆகிறது. அந்த வீட்டில் காப்பி போட்டுக் கொடுக்க ஒரு ஆள் இல்லை, பாயில் அவளோடு உட்கார ஒரு ஆள் இல்லை. ஊருக்குத் தெரியாது. தெரிந்த நானும் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். எத்தனை நாள் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் பெட்டியோடு போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மைனரைக் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போவதும் நானாகவே இருக்கட்டும். அவளுக்கு எந்த யோசனையும் சொல்ல மாட்டேன், எதையும் சரிசெய்ய மாட்டேன். அடுப்படியை நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் அழட்டும். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நாளைக்கு உன் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போகிறேன், அண்ணே. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட துக்கத்தை.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்தவள்,
மதினிக்குப் பக்கத்தில் இருக்கப் போகிற உன் தங்கச்சி,
ரூபி