சபைக் கோழியும் விமான டிக்கெட்டும்

பிரிஸ்பேன்,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

லனுவோலா எழுதுவது. நானும் விலியமுவும் பிள்ளைகள் இருவரும் சுகம். கிறிஸ்துமஸுக்கு சமோவா வருகிறோம், அம்மா! சின்னவன் செமிசியை இந்த முறை உங்கள் மடியில் போட்டுவிடுவேன். நான்கு வயதாகியும் பாட்டியை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான்.

பணம் ஏது என்பீர்கள். கிரெடிட் கார்டில் எது வாங்கினாலும் பாயிண்ட் சேரும்; பாயிண்ட் நிறையச் சேர்ந்தால் விமான டிக்கெட். நாம் வரி மட்டும் கட்டினால் போதும். எங்கள் சர்ச் சபை விருந்துகளுக்கு எல்லாரும் என் கையில்தான் ரொக்கம் கொடுப்பார்கள். கோழிப் பெட்டி, மீன் டின், பன்றி எல்லாவற்றையும் என் கார்டில் வாங்கிவிட்டு, ரொக்கத்தை உடனே வங்கியில் கட்டிவிடுவேன். வட்டி கிடையாது. இப்போது நாலு டிக்கெட்டுக்குச் சேர்ந்துவிட்டது.

உங்கள் மகள்,
லனுவோலா

சவாயி,
சமோவா,
ஆகஸ்ட் 19

என் கெட்டிக்கார மகளுக்கு,

உன் கடிதத்தை மாதர் சங்கத்தில் நானே உரக்கப் படித்தேன். "என் மகளுக்கு விமானக்காரனே டிக்கெட் குடுக்கிறான்" என்றேன். பெனினாவுக்குப் பொறுக்கவில்லை. அவள் அண்ணன் தனியேலு உங்கள் சபையில்தானே மூப்பர்.

"சபைப் பணத்துல வாங்கின கோழி. பாயிண்ட் மட்டும் எப்படிடி உன் மகளுக்கு?"

"பெட்டியெல்லாம் தூக்கினது யாரு, உங்கண்ணனா? அவரு தூக்கினது சாப்பாட்டுத் தட்டு ஒண்ணுதான்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயித்தது நான்தான்.

ஆனாலும் மகளே, சபையில் சொல்லித்தானே செய்தாய்? சொல்லியிருந்தால் தலை நிமிர்ந்து வா. இல்லையென்றால் இந்த ஞாயிறே எழுந்து சொல்லிவிட்டு, அப்புறம் தலை நிமிர்ந்து வா. எப்படியும் நிமிர்ந்துதான் வரவேண்டும்.

செமிசிக்கு முத்தம்.

அம்மா லூபே

பிரிஸ்பேன்,
செப்டம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆராதனை முடிந்ததும் எழுந்து சொன்னேன். தனியேலு மூப்பர் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "நல்லதாப் போச்சு! ஊருக்குப் போக முடியாம வயசானவங்க மூணு பேரு கிடக்காங்க. அவங்க போகட்டும். ஒண்ணு நீ வெச்சுக்கோ" என்றார்.

"முடியாதுங்க ஐயா. குடும்பத்தாருக்கு மட்டும்தான் எடுக்கலாமாம்."

"இங்க யாரும்மா உனக்குக் குடும்பம் இல்லாதவன்?"

சபை முழுக்கச் சிரித்தது. நம்மில் யார்தான் சொந்தமில்லை! ஆளுக்கொரு உறவுமுறை போட்டு மூன்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்றுதான். விலியமுவுக்கும் பிள்ளைகளுக்கும் காசு கொடுத்து வாங்க எங்களால் ஆகாது. நான் மட்டும் வரட்டுமா, அம்மா? செமிசியை எப்போது காட்டுவேன் என்று தெரியவில்லை.

லனுவோலா

சவாயி,
செப்டம்பர் 23

லனுவோலாவுக்கு,

அழாதே. இதைப் போனில் சொன்னால் பெனினா வீடு வரை கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

நீ வந்தால் நான் உன் ஒருத்தியைப் பார்ப்பேன். நான் வந்தால் நாலு பேரையும் பார்ப்பேன். இந்தக் கணக்குக்கு நான் படித்த ஐந்தாம் வகுப்பு போதும். டிக்கெட்டை என் பேருக்கு எடு. ஜன்னல் ஓரமாகப் பார்த்து எடு. நேற்றே படகேறி ஆப்பியா போய் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்துவிட்டேன். விசாவுக்கு என்னென்ன வேண்டுமென்று மாப்பிள்ளை விசாரித்து எழுதட்டும்.

பிள்ளைதான் தாயைத் தேடி வரவேண்டும், தாய் போகக் கூடாது என்று இத்தனை வருஷம் சொன்னவள் நான். அதை மாற்றிச் சொல்லவும் எனக்கு உரிமை உண்டு.

ஆனால் சபை விட்டுக்கொடுத்த டிக்கெட்டில் வெறுங்கையோடு இறங்க மாட்டேன். என் சவப்பெட்டிமேல் விரிக்க என்று வருஷக்கணக்காக முடைந்தேனே, பட்டு மாதிரி மடியும் அந்த மெல்லிய பாய், அதைக் கொண்டுவருகிறேன். ஆராதனை முடிந்ததும் தனியேலு மூப்பர் முன்னால் எல்லாரும் பார்க்க விரித்துக் கொடுப்பேன். அதைவிடப் பெரிய பரிசு நம்மிடம் இல்லை; வாங்கியவர் ஈடாகத் திருப்பிக் கொடுத்தாகவேண்டும் என்ற நம் வழக்கம் அவருக்கும் தெரியும். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று அவர்தான் தூக்கம் கெடவேண்டும்.

சாவுக்கு வேறு பாய் முடைந்துகொள்வேன். அதற்கு இப்போது என்ன அவசரம்?

வருகிறேன்.

உன் தாய்,
லூபே